அவர் ‘யிஃப்ஸில்’ என்றார், நான் சிம்மை மாற்றச் சொன்னேன்

ஒரு போன், ஒரே பழுது, அதே ஆள் மூன்று தடவை கடைக்கு வந்தார். பழுது என்னவோ ஐந்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது, காரணம் ஒரே ஒரு அரபிச் சொல், நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சொல். பழுது பார்க்கும் வேலைக்கு வளைகுடா போகிற தம்பிகள் ‘அரபி எவ்வளவு தெரிஞ்சா போதும்ணே’ என்று கேட்கிறார்கள், அவர்களுக்காக இந்த ஒரு கேஸை முழுதாக எழுதி வைக்கிறேன்.

நடந்தது 2015 ஆகஸ்ட், ரியாத். முர்ஸலாத் பகுதியில் போன் சந்தை ஒன்று உண்டு, அதில் தோளோடு தோள் உரசுகிற சின்னக் கடைகள், ஒன்றில் நான். முன்னால் கவுண்டரில் யமன்காரர் ஒருவர், விற்பனையும் கல்லாவும் அவர் பொறுப்பு. பின்னால் மேஜை, சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், மல்டிமீட்டரோடு நான். அரபி எழுத்து எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், எங்கள் ஊரில் சுபுஹு என்கிற விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு மதரஸாவுக்குப் போய் ஓதாத பிள்ளை கிடையாது. ஆனால் ஓதத் தெரிவது வேறு, பேசத் தெரிவது வேறு. போன புதிதில் கடைப்பலகைகளை எல்லாம் கணீரென்று வாசிப்பேன், பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. இரண்டு வருடத்தில் கடைப் பேச்சு பழகியிருந்தது: மாஃபி (இல்லை), ஸவ்வி (செய்), கம் (எவ்வளவு), புக்ரா (நாளை). இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே இருபது வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அஸர் தொழுகை முடிந்து கடை திறந்த நேரம். அறுபதைத் தாண்டிய சவூதிக்காரர், கையில் இரண்டு வருடப் பழைய ஆண்ட்ராய்ட் போன், பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி கையோடு வருமே, அந்தக் காலத்துப் போன். என்னை ‘யா முஹந்திஸ்’ என்றுதான் கூப்பிட்டார். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர், அரபு நாடுகளில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைக்கு இந்தப் பட்டம் இலவசமாகக் கிடைக்கும், எகிப்துக்காரர் என்றால் ‘பாஷ்முஹந்திஸ்’ என்று ஒரு படி மேலே தூக்குவார். அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘அல்ஜவ்வால் யிஃப்ஸில், வானா அகல்லிம்.’ நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் ‘யிஃப்ஸில்’ ஆகிறது.

யிஃப்ஸிலுக்கு மூலம் ஃபஸ்ல். இந்தச் சொல் எனக்குப் புதிதா? எங்கள் பழைய மார்க்கச் சட்ட நூல்களில் ஒரு பாடத்துக்குள் வரும் உட்பிரிவுக்கு ஃபஸ்லு என்றே தலைப்பு இருக்கும். ஓதும்போது ‘யவ்முல் ஃபஸ்ல்’ வரும், நல்லவர் கெட்டவர் பிரிக்கப்படும் தீர்ப்பு நாள். (சந்தை இருந்த பகுதியின் பெயர்தான் அந்த வசனம் வரும் அத்தியாயத்துக்கும் பெயர், முர்ஸலாத். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.) ஆக ஃபஸ்ல் என்றால் பிரிவு, அறுப்பு. கடையிலும் தினம் பத்துப் பேர் ‘நெட் யிஃப்ஸில்’ என்று வருவார்கள், நெட் அறுந்து அறுந்து போகிறது என்று பொருள். பேசும்போது அறுகிறது என்றால் என்ன? கால் கட் ஆகிறது, சிக்னல் கோளாறு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ‘ஷபகா?’ என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஷபகா என்றால் வலை, மீன்பிடி வலையும் அதுதான், நெட்வொர்க்கும் அதுதான். அவர் ‘ஏ, ஏ’ என்று தலையாட்டினார். பிறகு நினைத்துப் பார்த்தால், என் கேள்வி அவருக்கு எட்டினதா என்பதே சந்தேகம். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு.

பேட்டரியைக் கழற்றினேன், ஏனென்றால் அந்த மாடலில் சிம் அதற்கு அடியில் இருக்கும். சிம் பின்களைத் துடைத்தேன், நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்தேன், ‘ஷரீஹா கதீமா’, சிம் பழசு, புதுசு வாங்கிப் போடுங்கள் என்று அனுப்பினேன். இருபது ரியால். பேட்டரியை ஐந்து நிமிடம் இடது கையில் வைத்துக்கொண்டே இத்தனையும் செய்திருக்கிறேன். இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள்.

நாலு நாள் கழித்து வந்தார், புது சிம்மோடு. ‘நஃப்ஸுல் முஷ்கிலா’, அதே பிரச்சினை. இந்த முறை ‘யா ஸதீக்’. அர்த்தம் நண்பனே என்றாலும், வளைகுடாவில் வேலைக்கு வந்தவனை இப்படிக் கூப்பிடும்போது அதில் நட்பு ரொம்ப இருக்காது, இன்ஜினியர் பட்டம் போய்விட்டது என்று புரிந்தது. நான் மேஜையில் வைத்து, சார்ஜர் வயரைச் செருகி, என் போனிலிருந்து கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் லைனைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். கால் அறுபடவே இல்லை. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தன. அப்படியானால் வெளியே, சிக்னல் குறைந்த இடத்தில் ஆன்டெனா தடுமாறுகிறது என்று முடிவு கட்டி, அடிப்பக்கத்துச் சின்ன போர்டை மாற்றினேன். சார்ஜிங் போர்ட்டும் ஆன்டெனா தொடுப்பும் அதில்தான் இருக்கும். எண்பது ரியால். எனக்கு அன்றைக்குத் திருப்தி கூட, ஒரு கஷ்டமான பழுதைப் பிடித்துவிட்டோம் என்று.

மூன்றாவது தடவை அவர் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு யமன்காரரைப் பார்த்து நின்றார். கூடவே பேரன், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். நான் மறுபடி ‘ஷபகா’ என்று ஆரம்பித்ததும் பையன் பொறுமை இழந்துவிட்டான்: ‘யித்ஃபீ! யிஃப்ஸில் யஅனி யித்ஃபீ! வ ஃபீஹ் ஷஹ்ன், கம்ஸீன் பில்மிய்யா!’

யித்ஃபீ என்றால் அணைகிறது. விளக்கை அணைப்பதற்குப் பழங்காலத்திலிருந்தே அரபியில் உள்ள சொல், நம் ‘அணை’ மாதிரியே நெருப்பிலிருந்து லைட்டுக்கும் அங்கிருந்து போனுக்கும் வந்து சேர்ந்தது. பையன் சொன்னதன் பொருள்: அணைந்து போகிறது, யிஃப்ஸில் என்றாலே அணைந்து போகிறது என்றுதான் அர்த்தம், உள்ளே ஐம்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே. யமன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘இதுகூடத் தெரியாதா உனக்கு?’ அவருக்கு முதல் நாளே விளங்கியிருக்கும், ஆனால் அவர் அன்று கல்லாவில் இருந்தார், நானும் கேட்கவில்லை.

போனை எடுத்து மேஜையில் மல்லாக்கப் போட்டுச் சுண்டினேன். பம்பரம் மாதிரி சுற்றியது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தேன், அது இன்னும் நன்றாகச் சுற்றியது. நடுவில் உப்பியிருந்தது, அரபியில் மன்ஃபூகா என்பார்கள், ஊதின பலூனுக்கும் அதே சொல். மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 3.8 வோல்ட், நல்ல பிள்ளை. போனில் போட்டு கேமரா ஃபிளாஷை ஓட விட்டு ஒரு காலும் போட்டேன், சடாரென்று 3.2க்கு இறங்கி ஸ்கிரீன் இருண்டது. முப்பத்தைந்து ரியால் பேட்டரி. அவ்வளவுதான் கேஸ்.

லித்தியம் பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்தடை ஏறும். போன் காட்டுகிற சதவீதம் பெரும்பாலும் அமைதியாக இருக்கிற நேரத்துக் கணக்கு, திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது அந்த ஐம்பது சதவீதம் வெறும் எண்தான், வோல்டேஜ் சரியும், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துகொள்ளும். ரியாத் வெயில் ஆகஸ்டில் 45 டிகிரியை அநாயாசமாகத் தொடும், பல போன்களுக்கு 35 டிகிரி வரைதான் பாதுகாப்பு என்று கம்பெனியே சொல்கிறது, இவர் போனோ பாதி நாள் காரின் டாஷ்போர்டில் கிடந்திருக்கிறது. இரண்டு வருடம் தாங்கியதே பெரிது.

சரி, பேசும்போது மட்டும் ஏன்? இதுதான் என்னைத் தடம் மாற்றியது. அவருக்கு அல்கர்ஜ் பக்கம் தோட்டம், அங்கே சிக்னல் குறைவு. டவர் தூரத்தில் இருந்தால் போன் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும், அதாவது ரேடியோ அதிக பவரை இழுக்கும், நைந்த பேட்டரி அதில் விழுந்துவிடும். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியாது, போன் காதில் இருக்கிறது. பேச்சு நின்றது, அதுதான் அவர் அறிந்தது. அப்புறம் எடுத்துப் பார்த்தால் ஸ்கிரீன் கறுப்பு. காரில் சார்ஜரைச் செருகினால் எழுந்துகொள்ளும். இந்த முழுக் கதைக்கும் அவர் ஒரே சொல் வைத்திருந்தார், அந்தச் சொல் சரியானதும்கூட. நான்தான் அதைப் பாதியாக வெட்டி எனக்குத் தெரிந்த பாதியை வைத்துக்கொண்டேன்.

அதோடு என் கடைப் பழக்கம் ஒன்று. யார் போனைக் கொடுத்தாலும் முதல் வேலையாகச் சார்ஜர் வயரைச் செருகிவிடுவேன், நடுவில் அணைந்துவிடக் கூடாதே என்று. பேட்டரி கோளாறுள்ள போன் சார்ஜரில் இருந்தால் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சல் எங்கே என்று தேடினது மாதிரி.

பணக் கணக்கு: நான் வாங்கியிருந்தது நூறு. பேட்டரிக்கு முப்பத்தைந்தைக் கழித்து அறுபத்தைந்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை, விரலை மடக்கி ‘வஷ்ஷரீஹா?’ என்றார். சிம்முக்குக் கொடுத்த இருபத்தைந்து? நியாயம்தானே. தொண்ணூறாகக் கொடுத்தோம். அதை எண்ணி வைத்துக்கொண்டு ‘ஹஸல் கைர், யா வ்லேதி’ என்றார். நடந்தது நடந்தது போகட்டும், மகனே. முஹந்திஸ் பட்டம் திரும்பி வரவில்லை, ஆனால் இது அதை விட நன்றாக இருந்தது.

அன்று ராத்திரி ஒரு நோட்டு போட்டேன். சொல்லும் அர்த்தமுமாக எழுதவில்லை, அப்படி எழுதினதால்தானே இந்த வினை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதைச் சொன்னவர் என்ன பார்த்திருந்தார் என்று எழுதினேன். ஃபஸ்லுக்குக் கீழே: நெட் போகும், கால் அறும், போன் அணையும், ஹெட்செட் ப்ளூடூத் விட்டுப் போகும். நாலும் யிஃப்ஸில்.

ஷஹ்ன் அடுத்தது. சுமை ஏற்றுவது என்பது மூலப் பொருள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் ஷஹ்ன், போனில் காசு ஏற்றுவதும் ஷஹ்ன், ஊருக்குச் சாமான் அனுப்புகிற கார்கோ கடைப் பலகையிலும் ஷஹ்ன். புதிதில் ஒருவர் இருபது ரியாலை நீட்டி ‘ஷஹ்ன்’ என்றார், நான் சார்ஜர் வயர் எடுத்துக் கொடுத்தேன், அவர் கேட்டது ரீசார்ஜ் கார்டு. இருபது ரியாலுக்கு வயரும் கிடைக்கும் என்பதுதான் தொல்லை.

நஸ்ஸல் இன்னும் மோசம். கீழே இறக்குவது. ஆப் டவுன்லோட் செய்தாலும் நஸ்ஸல், இன்ஸ்டாவில் படம் போட்டாலும் நஸ்ஸல்! மேலே ஏற்றுவதை ஏன் இறக்குவது என்கிறார்கள் என்று யமன்காரரிடம் கேட்டேன், ‘சந்தைக்குப் புதுச் சரக்கு இறங்குகிறது இல்லையா, அது மாதிரி’ என்றார். அவர் சொன்னது சரியோ இல்லையோ, எனக்கு மனதில் நின்றுவிட்டது. ஒரு பெண்மணி ‘படங்களை இறக்கினேன், போய்விட்டன’ என்று வந்தபோது டவுன்லோட் ஃபோல்டரைக் குடைந்து அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். அவர் போஸ்ட் போட்டிருந்தார், யாரோ கணக்கில் புகுந்து அழித்திருந்தார்கள். ஹக்கர்.

இந்த ஹக்கர் மாதிரிச் சொற்களில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு, கொஞ்சம் நின்று சொல்கிறேன். அரபியில் வினைச்சொற்களுக்குப் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர், நடு எழுத்தை இரட்டித்தால் ஒரு வகை வினை கிடைக்கும். வெளியிலிருந்து வருகிற எந்தச் சொல்லையும் இந்த அச்சில் ஊற்றிவிடுவார்கள். செக் பண்ணுவது ஷய்யக், பிளாக் பண்ணுவது பல்லக், ஹேக் பண்ணுவது ஹக்கர். போன் ஹேங் ஆனால் எகிப்துக்காரர் ‘பிஹன்னிக்’ என்பார், ஹேங் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று எழுத்து வேர் கண்டுபிடித்து எகிப்திய வினையாக்கிவிட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஹேங் ஆச்சு, செக் பண்ணு, சேவ் பண்ணு. வந்த சொல்லை அப்படியே உட்கார வைத்துப் பக்கத்தில் ஒரு ‘பண்ணு’. அவர்கள் வந்தவனுக்குத் தங்கள் சட்டையை மாட்டிவிடுகிறார்கள். சேவ் அங்கே ஸய்யஃப் ஆகிறது, வாள் என்பதற்கு அரபியில் ஸைஃப், ஆகவே ‘என் நம்பரை ஸய்யிஃப்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஒரு வாள் பளிச்சிடும். நாலு எழுத்து வந்தாலும் கவலையில்லை, ஃபார்மேட் பண்ணுவது ஃபர்மத்.

சவூதியில் ஹேங் ஆவதற்குச் சொந்தச் சொல்லே உண்டு, அல்லக். தொங்கவிடுவது, மாட்டிவைப்பது. ஆங்கிலத்தின் ஹேங்கும் தொங்குவதுதான் என்பதால் எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டது, ஆனால் எழுத்தில் பார்த்தபோது கோட்டை விட்டேன். வாட்ஸ்அப்பில் அவர்கள் ஆங்கில எழுத்தில் அரபியை எழுதுவார்கள், தொண்டையில் எழும் அந்த ‘ஐன்’ எழுத்துக்கு 3 என்ற இலக்கத்தையும், அழுத்தமான ‘ஹா’வுக்கு 7ஐயும் போடுவார்கள், எழுத்துகளின் உருவம் அந்த இலக்கங்களை ஒத்திருப்பதால். ஒருவர் ‘அல்ஜவ்வால் 3அலக்’ என்று அனுப்பினார். வளைகுடாவில் நமக்கெல்லாம் உர்தும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளுமே, அதில் அலக் என்றால் தனித்தனி. மூன்று தனித்தனி போன் வருகிறது என்று நினைத்து மேஜையில் இடம் ஒதுக்கி வைத்தேன்.

போனுக்கே ஊருக்கு ஒரு பெயர். சவூதியில் ஜவ்வால், சுற்றித் திரிபவன். எகிப்திலும் அமீரகத்திலும் மொபைல், குவைத்திலும் பஹ்ரைனிலும் நக்கால். கெட்டுப்போனதற்கும் அப்படியே: ரியாத்தில் கர்பான், எகிப்தில் பாயிஸ், இராக்கில் ஆதில், மொராக்கோவில் காஸிர். பாடநூலில் இதெல்லாம் இல்லை. கெய்ரோவில் 1932இல் தொடங்கிய மொழிக் கழகம் போல இடத்துக்கு இடம் கழகங்கள் இருந்து அழகான சொற்களை ஆக்கித் தருகிறார்கள், நம் கணினி போல அவர்களுக்கு ஹாஸூப், கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சொல்லை மட்டும் விட மனமில்லை. தொலைபேசிக்கு எழுத்து அரபியில் ஹாதிஃப். பழைய அரபியில் அதன் பொருள், ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்பது. நம் அசரீரி! போனுக்கு அசரீரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் தொலைபேசி என்று தூரத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டினேன். ‘வேஷ் தஷூஃப்?’ என்ன பார்க்கிறீர்கள். ‘அஷ்ஷாஷா ஸோதா?’ ஸ்கிரீன் கறுப்பா. ‘யிர்ஜஅ லிஹாலிஹ், வல்லா தஷக்லிஹ் இன்த்?’ தானாகத் திரும்பி வருகிறதா, நீங்கள் போடுகிறீர்களா. இந்த மூன்றாவதை அந்தப் பெரியவரிடம் முதல் நாள் கேட்டிருந்தால் இருபது ரியால் கூட வாங்கியிருக்க மாட்டேன்.

அந்தத் தாள் மேஜையில் ஒரு வருடம்தான் இருந்தது. 2016 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, போன் விற்கிற, பழுது பார்க்கிற வேலை இனி சவூதிக்காரர்களுக்கு மட்டும் என்று. ஜூன் 6க்குள் பாதிப் பேர், செப்டம்பர் 2க்குள் எல்லோரும். சந்தையில் மேஜை மேஜையாக ஆட்கள் கிளம்பினார்கள். என் இடத்துக்கு வந்த சவூதிப் பையனுக்கு இரண்டு வாரம் சால்டரிங் சொல்லிக்கொடுத்தேன், நல்ல கை. சுவரில் ஒட்டியிருந்த கேள்விகளைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு எதற்கு அது.

நான் தம்மாமில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஹெல்ப் டெஸ்க்குக்கு மாறினேன். அங்கே ஆளே வர மாட்டார், குரல்தான் வரும், உண்மையிலேயே ஹாதிஃப். கணக்குப் பிரிவில் ஒரு எகிப்துக்காரர், வாரம் இரண்டு தடவை கூப்பிடுவார். ‘இல்கிஹாஸ் ஃபஸல், யா பாஷ்முஹந்திஸ்.’ மெஷின் ஃபஸல் ஆகிவிட்டது. நெட்டா, கரண்டா என்று நான் ஒரு நாளும் ஊகித்ததில்லை, ‘லம்பா எரிகிறதா?’, விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் எரியாது. மேஜைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சைக் காலால் அணைத்திருப்பார், அவர் கால் நீளம்.

ஒரு வியாழக்கிழமை, வாரக் கடைசி, மாதக் கடைசியும்கூட. மாலை நாலரைக்கு அவர் எண்ணிலிருந்து போன். ‘ஃபஸல்த்’ என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

‘லம்பா எரியுதா?’ என்றேன்.

‘எந்த லம்பா?’

‘மெஷின் முன்னால இருக்கே, பச்சை.’

‘எரியுது.’

‘நெட்?’

‘இருக்கு.’

‘அப்போ என்னதான் ஃபஸல்?’

‘அனா’ என்றார். நான். காலையிலிருந்து கணக்கு முடிக்கிறேன், என் பேட்டரி போய்விட்டது, கீழே டீ குடிக்க வருகிறாயா?

வினையின் கடைசியில் ‘நான்’ என்பதைக் காட்டும் ஒரு ‘த்’ இருந்ததை நான் அப்போதும் கவனிக்கவில்லை.